கடல் தண்ணீர் குடித்த வண்டி

அத்தாவுல்லா பாய் மவுத்தாகி இன்றோடு நாற்பது நாள். தண்டையார்பேட்டையில் அவர் வீட்டில் பாத்திஹா ஓதி நெய்ச்சோறு போட்டார்கள். சாப்பிட்டு வந்த கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சரக்குச் சீட்டு எழுதித்தான் பழக்கம். முன்னே பின்னே இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாய் டாக்சி ஓட்டினவர். தைரியசாலி என்று அவரை யாரும் சொன்னதில்லை. வண்டியை எடுக்குமுன் நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்ப்பார். பிறகு ஒரு நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார், டாக்டர் நெஞ்சுக்குழல் வைக்கிற மாதிரி. அதற்கப்புறம்தான் புறப்பாடு. புறப்பட்டாலும் வேகம் என்ற பேச்சே கிடையாது. திருவொற்றியூர் ரோட்டில் சைக்கிள்காரன் மணியடித்துவிட்டு அவரை முந்திக்கொண்டு போவான். நான் அவரை வாய்க்கு வந்தபடி கேலி செய்திருக்கிறேன். "பயம் கீறவன் வண்டிதான் வூடு போய்ச் சேரும் அண்ணாச்சி" என்பார்.

துறைமுகத்தில் லாரி கிளீனராக இருந்து டிரைவர் ஆனவர். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது, ஒரு மாதம் தூங்காமல் வண்டி ஓட்டி ஜனங்களைச் செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் கொண்டுபோய் விட்டார். யுத்தம் முடிந்து ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது கைமாற்றிவிட்டுப் போன அமெரிக்க வண்டி இவரிடம் வந்தது. அப்போதே அது கிழட்டு வண்டி.

அந்த வண்டிக்கு ஒரு தனிப் பெயர் உண்டு. முன் சீட்டுக்குப் பின்னால் பச்சைத் துணியில் கனமான திரை, பின்பக்கக் கண்ணாடிகளுக்கும் சின்னச் சின்னத் திரைகள். வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் இருந்த முஸ்லிம் வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்கோ தர்காவுக்கோ போக வேண்டுமென்றால் "பர்தா வண்டிக்குச் சொல்லியனுப்பு" என்பார்கள். திரையை இறக்கிவிட்டால் பாய் தலை திரும்பாது. உள்ளே சிரிப்பானாலும் சண்டையானாலும் அவருக்கு ரோடுதான். நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் திரைக்குப் பின்னாலிருந்து இருமுவார்கள், அவ்வளவுதான். "உள்ளே இருக்கிற ஆள் இறங்கிப் போனாலும் உமக்குத் தெரியாது பாய்" என்று நான் சொன்னதுண்டு. சொன்னது விளையாட்டுக்குத்தான்.

நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன். பெயர் சுயம்பு. எண்ணூர் ஸ்டேஷனுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஐம்பத்து மூன்றாம் வருஷம் என் மனைவி ஜெயக்கொடிக்கு அது தலைப்பிரசவம். அவளுக்குத் தாயார் இல்லை, ஊருக்கு அனுப்ப வழியில்லாமல் என்னோடேயே வைத்துக்கொண்டேன். கத்திரி வெயில் நேரம். முதல் நாள் சாயந்திரம் வலி எடுத்தது. மறுநாள் காலை பத்து மணி ஆகியும் குழந்தை வரவில்லை. எண்ணூரில் பாதிப் பேரைப் பிறக்கவைத்த கெங்கம்மாதான் பிரசவம் பார்த்தாள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கொயந்த குறுக்கால கீது நைனா. என் கையில ஆவாது. ராயபுரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு பூடலாம்."

கெங்கம்மா எதற்கும் பதறாதவள். அவள் குரலே நடுங்கியது. ஒன்பது மணி ரயில் போய்விட்டது, அடுத்தது ஒரு மணிக்கு மேல்தான். தெருவுக்கு ஓடினேன். எதிர்த்தாற்போல் டீக்கடையில் அத்தாவுல்லா பாய் நின்றுகொண்டிருந்தார். யாரையோ இறக்கிவிட்டுத் திரும்பப் போகிறவர். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்தார்.

அந்த அவசரத்திலும் வழக்கத்தை விடவில்லை. சக்கரங்களைத் தொட்டார். "ஒரு கொடம் நல்ல தண்ணி வையி அண்ணாச்சி. இந்த வண்டி மனுசன விட அதிகமா குடிக்கும்" என்றார். எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீர் வண்டியில் வரும். ஒரு மண்குடம் நிறைய ஊற்றி, வாயைத் தட்டால் மூடித் துணி கட்டி, பின் சீட்டின் கால்மாட்டில் நானே வைத்தேன். ஜெயக்கொடியைத் தூக்கிக் கிடத்தினோம். கெங்கம்மா கூட ஏறிக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். பாய் திரையை இறக்கிவிட்டார்.

எர்ணாவூரைத் தாண்டுகிறவரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஜெயக்கொடி முனகுவது கேட்டது. இவர் இன்னும் கொஞ்சம் அழுத்தக்கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது எஞ்சினுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பாய் முகம் மாறிப்போயிற்று. கீச்சொலி கரகரவென்று ஆயிற்று. முன்மூடியின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் குதித்து ஓடினார்.

மூடியைத் திறந்ததும் ஆவி அவர் முகத்தில் அடித்தது. கையைச் சுட்டுக்கொண்டார். உதறிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பாய்?"

"தண்ணி பம்பு பூட்ச்சி அண்ணாச்சி."

எஞ்சினைச் சுற்றித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிற சின்ன பம்பு அது. அதன் தண்டு தேய்ந்து ஆட்டம் கண்டு, தண்ணீர் வெளியே வராமல் அடைத்திருந்த நூல்கயிற்றைக் கக்கிவிட்டிருந்தது. வண்டியில் இருந்த தண்ணீர் முழுவதும் ரோட்டில் கிடந்து கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கால் மைல்கூடத் தாங்காது, எஞ்சின் தன் சூட்டிலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்றார் பாய்.

நான் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு லாரி இல்லை, ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. வெயிலில் தார் இளகிக் கிடந்தது. கிழக்கே சவுக்குத் தோப்பு, மேற்கே உப்பளம். என் மனைவி இந்த இடத்தில்தான் சாகப் போகிறாள் என்று தோன்றியது.

பயப்படுகிற மனுஷர் என்றேனே, கை மட்டும் நிற்கவில்லை அவருக்கு. தோளில் கிடந்த துண்டைக் கிழித்தார். பெட்ரோல் டாங்கு ஒழுகினால் அடைக்க அந்தக் காலத்து டிரைவர்கள் ஒரு பார் சோப்புத் துண்டு வைத்திருப்பார்கள். துணியை அதில் அழுத்திப் புரட்டிக் கயிறாகத் திரித்தார். உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டே அதைத் தண்டைச் சுற்றித் திணித்து, மரையைப் போட்டு முறுக்கினார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"ஒழுவும். ஆனா தாங்கும். எஞ்சின ஓடவுட்டு நூல் மாதிரி ஊத்தினா வெடிக்காது. அந்தக் கொடத்த இப்டி வாங்கு அண்ணாச்சி, திருவொத்தியூர் பூடலாம். அங்க கெணறு கீது."

நான் திரைப்பக்கம் திரும்பினேன். வாயைத் திறக்கவில்லை, அதற்குள் உள்ளிருந்து கெங்கம்மாவின் குரல் வந்தது.

"கொடம் ஒடஞ்சிட்ச்சிபா. நிக்காத, சீக்கிரம் போ."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பின் கதவின் அடியிலிருந்து படிமேல் நீர் சொட்டியது. இரண்டு மூன்று சொட்டு, பிறகு ஒரு சின்னக் கோடு.

"சரிம்மா. பம்பு கெட்டுட்ச்சி. தோ ஆயிட்ச்சிமா" என்றார் பாய். குரல் அழுகிற மாதிரி இருந்தது. திரையை விலக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றவே தோன்றாது. பிரசவ வேதனையில் ஒரு பெண் படுத்திருக்கும்போது எனக்கும் தோன்றவில்லை. புருஷன்தான் நான். இருந்தாலும் தோன்றவில்லை.

"தண்ணிக்கு எங்க பாய் போறது?"

அவர் கிழக்கே பார்த்தார். சவுக்குத் தோப்புக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல். எட்டிப் பார்த்தால் பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரியும், நடந்தால்தான் தூரம் தெரியும். "உப்பு உள்ள போச்சினா இந்த எஞ்சின் செத்துச்சி" என்றார். ஒரு விநாடி வண்டியைத் தடவினார். "சாவட்டும். டின்ன எடுத்துகினு ஓடு. நான் கயிறு வேற திரிச்சி வைக்கிறேன்."

வண்டியின் பின்பெட்டியில் கிடந்த காலி மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். செருப்பை எங்கே விட்டேனோ தெரியாது. சவுக்கு முள்ளும் சுடுமணலும் பாதத்தைப் பிய்த்தன. அலையில் இறங்கி டின்னை நிரப்பிக்கொண்டு திரும்பினால் ஓட முடியவில்லை. மணல் இழுத்தது, பாதித் தண்ணீர் என் வேட்டியில் கொட்டிப் போயிற்று. என்றைக்குமே கடவுளிடம் பேரம் பேசாதவன் அன்றைக்குப் பேசினேன். பிள்ளை போனாலும் போகட்டும், அவளை விட்டுவிடு என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

வண்டி கிளம்பியது. ஒரு மைல் போவதற்குள் மறுபடி ஆவி. அடைத்த துணி கழன்றிருந்தது. பாய் புதுக் கயிற்றைத் திணித்தார், நான் மறுபடி கடலுக்கு ஓடினேன். இந்த முறை தூரம் இன்னும் அதிகம். திரும்பி வந்தபோது உள்ளே ஜெயக்கொடியின் முனகல் நின்றுபோயிருந்தது. அந்த மௌனத்தைப்போலப் பயங்கரம் எனக்கு வாழ்நாளில் வேறு இல்லை. "இன்னாபா இது, எத்தினி தபா நிப்பீங்க" என்று கெங்கம்மா உள்ளிருந்து கத்தினாள். "ஆச்சும்மா, ஆச்சும்மா" என்றார் பாய். ஊற்றும்போது கொதிநீர் தெறித்து அவர் மணிக்கட்டு சிவந்துவிட்டது.

திருவொற்றியூரில் கிணற்றடிக்காரர்கள் நல்ல தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் பாய் ஓட்டியது போல யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஊர்ந்து போகிற அந்த மனுஷர் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டு பறந்தார். ராயபுரம் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது எஞ்சினிலிருந்து கரிவாடை வந்தது.

ஜெயக்கொடியைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். கெங்கம்மாவும் கூடப் போனாள். நாங்கள் தாழ்வாரத்தில் நின்றோம். சற்று நேரத்தில் ஒரு நர்ஸ் அவசரமாக வெளியே வந்து கேட்டாள்.

"குடம் ஒடஞ்சி எவ்வளவு நேரம் ஆச்சு? கூட வந்த அம்மாவுக்கு நேரம் சொல்லத் தெரியலே."

"எர்ணாவூர் தாண்டின உடனே சிஸ்டர். மண்கொடம்தான், போனாப் போகுது."

அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பனிக்குடத்தைக் கேக்கறேன். வயித்துல குழந்தையைச் சுத்தித் தண்ணி இருக்குமே, அந்தக் குடம். அது ஒடஞ்ச பிறகு ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து. எவ்வளவு நேரம் ஆச்சு?"

"முக்காமணிக்கு மேல கீதும்மா" என்று எனக்குப் பின்னாலிருந்து பாய் சொன்னார். அவள் உள்ளே ஓடினாள்.

பாய் வாசலுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அவர் வண்டியின் பின் கதவைத் திறந்து திரையை ஒதுக்கினார். சீட்டு நனைந்திருந்தது. கால்மாட்டில் குடம் நான் வைத்தபடியே இருந்தது. துணிகூட அவிழவில்லை. பாய் துணியை அவிழ்த்துத் தட்டைத் தூக்கிப் பார்த்தார். தளும்பத் தளும்பத் தண்ணீர். அவர் வண்டிப் படியில் உட்கார்ந்து, சுட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த ஒரு குடம் போதும், திருவொற்றியூர் போயிருக்கலாம். இரண்டு தடவை கடலுக்கு ஓடியிருக்க வேண்டாம். சீக்கிரம் போகச் சொன்ன வார்த்தையைக் கேட்டுத்தான் நாங்கள் நின்றோம்.

எனக்கு அந்த நேரத்தில் வந்தது துக்கம் இல்லை, பயம். அவளுக்கு என்ன சொல்வேன், மாமனாருக்கு என்ன சொல்வேன் என்ற பயம். பாயின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "இதை யாரிடமும் சொல்லாதீரும் பாய். உம்ம காலைப் பிடிக்கிறேன். சொல்லாதீரும்." அவர் முகத்திலிருந்து கையை எடுக்கவேயில்லை.

ஆபரேஷன் செய்து ஜெயக்கொடியைக் காப்பாற்றிவிட்டார்கள். பையன் உயிரில்லாமல் பிறந்தான். தொப்புள்கொடி முன்னால் வந்து நசுங்கிவிட்டதாம். "ஒரு அரைமணி முன்னால வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றாள் அதே நர்ஸ். ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். முடி நிறைய இருந்தது அவனுக்கு.

ஐந்தாம் நாள் நான் கட்டில் பக்கத்தில் இருந்தபோது பாய் வார்டுக்கு வந்தார். கையில் கட்டுப் போட்டிருந்தார். நாலடி தள்ளி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயக்கொடி அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"நீங்க மட்டும் அன்னைக்கு வரலேன்னா நானும் போயிருப்பேண்ணே."

"அப்டி சொல்லாத தங்கச்சி" என்றார் பாய். "ஒண்ணு சொல்லணும். சொல்லாங்காட்டி எனுக்குச் சோறு எறங்காது."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பம்பு போனது, குடத்தைக் கேட்கப் போனது, கெங்கம்மா சொன்ன வார்த்தை, அதைத் தண்ணீர்க் குடம் என்று நினைத்தது, கடல் தண்ணீர். ஒன்றைக்கூடக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. "தப்பு என்னுது. திரும்பி ஒரு தபா பாத்திருந்தா கொயந்த பொயச்சிருக்கும்" என்று முடித்தார்.

ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அவரிடம் கேட்டாள்.

"கெங்கம்மா சொன்னதை இவுகளும் கேட்டாகளா?"

பாய் முதல்தடவையாக நிமிர்ந்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது.

"இல்ல தங்கச்சி. அவரு அப்பவே கடலாண்ட பூட்டாரு. நான் ஒருத்தன்தான் கேட்டேன்."

நான் மறுக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. ஜெயக்கொடி "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பாயோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்வாள், யார் கொடுத்தார் என்று கேட்க மாட்டாள்.

உப்பு தன் வேலையைக் காட்டியது. இரண்டு மாதத்தில் அந்த எஞ்சின் வெடித்தது. பாய் துறைமுகத்துக்கே திரும்பிப் போய் லாரி ஓட்டினார். மனுஷரை ஏற்றுகிற வண்டியை அவர் பிறகு தொடவில்லை. கடைக்கு வருவார், டீ குடிப்பார், மழையைப் பற்றிப் பேசுவார். அந்தப் பொய்யைப் பற்றி நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லிக்காட்டவுமில்லை. ஆறு வருஷம் என் மனைவியின் வெறுப்பை அவர் ஒருவராகவே சுமந்தார். அதில் பாதி எனக்கு வந்திருக்க வேண்டியது.

இன்றைக்கு நாற்பதாம் நாள் சோற்றுக்கு அவளைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றுவிட்டாள்.

எழுதி முடித்ததும் இந்தத் தாள்களை அவளிடம்தான் முதலில் கொடுக்கப் போகிறேன். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஒரு பக்கத்துக்குக் கால்மணி நேரம் ஆகும். அவள் படித்துக்கொண்டே எர்ணாவூருக்கு வருகிறவரை நான் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.